சேசிஸ் எண்ணைத் தேய்த்து எடுத்தீர்கள், சேசிஸை யார் பார்த்தது?

போக்குவரத்துத் துறையில் விதி எழுதுகிறவர்களுக்கும், அந்த விதியை வைத்துக்கொண்டு வண்டிகளைச் சோதிக்கிற மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

நான் கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை வைத்திருப்பவன். பெரிய எஸ்டேட்காரன் இல்லை, பச்சை இலை பறித்து ஃபேக்டரிக்குப் போட்டுவிட்டு, கிலோவுக்கு என்ன விலை வந்தது என்று பார்த்துப் பெருமூச்சு விடுகிற கூட்டம்தான். என்னிடம் ஒரு பழைய எஸ்யூவி இருக்கிறது. 2009இல் பதிவானது, டீசல், ஏழு பேர் உட்காரலாம், பின் சீட்டை மடித்தால் இலை மூட்டையும் ஏற்றலாம், துடைத்துவிட்டுக் கல்யாணத்துக்கும் போகலாம். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். எந்த அலுவலகத்தில் அதன் பதிவைப் புதுப்பித்தேன் என்பதும் வேண்டாம், ஏனென்றால் ஒரு ஆளையோ ஒரு ஆபீஸையோ மாட்டிவிட இதை எழுதவில்லை. அன்றைக்கு அங்கே இருந்த ஆய்வாளர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், பத்துப் பைசா கேட்கவில்லை. விதியும் வசதியும் அவரை எவ்வளவு பார்க்கவிட்டதோ அவ்வளவு பார்த்தார். அந்த அளவு போதாது என்பதுதான் விஷயம்.

கடந்த நவம்பரில் ஒரு நாள் காலையில் அத்தையைக் கண் டாக்டரிடம் காட்டுவதற்காகக் கோயம்புத்தூருக்குக் கிளம்பினேன். அத்தை என்றால் என் மனைவியின் அம்மா, எழுபது தாண்டியவர். மலையில் இருப்பவர்கள் கீழே போவது என்றால் விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவோம், அன்றைக்கும் அப்படித்தான். அரவேணு வரை பனிமூட்டம், அதற்கப்புறம் தூறல். மாமரம் தாண்டிக் குஞ்சப்பனைக்கு இறங்குகிற சரிவில் ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மூட்டைக்குள் போவதுபோல உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது, தரையைத் தொட்டு நின்றது. வண்டி நிற்கவில்லை. எடுத்து மிதித்தேன், மறுபடி மிதித்தேன், நாலாவது மிதியில் முன் சக்கரத்தில் மட்டும் ஏதோ லேசாகப் பிடித்தது. மூன்றாவது கியரில் இருந்தேன் (இருந்திருக்கக் கூடாது, அதைப் பிறகு சொல்கிறேன்), அதை இரண்டுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மண்மேட்டுப் பக்கமாக ஒட்டினேன். பம்பர் மண்ணில் உரச உரசப் பத்துப் பதினைந்து அடி போய் நின்றது. அத்தை பதறவில்லை. "ஏனுங் மாப்ள, இங்க எதுக்கு ஒதுக்குறீங்க, டீக்கடை இன்னும் கீழ இல்ல இருக்குது?" என்றார். எனக்கு அதற்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, கை நடுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் கேரட் ஏற்றி வந்த பிக்கப்காரர் நிறுத்தி, கேட்காமலேயே சக்கரத்துக்கு இரண்டு கல் எடுத்து வைத்தார். அத்தையை அதே பிக்கப்பில் மேட்டுப்பாளையம் வரை ஏற்றி அனுப்பினேன்.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்படி எழுதும்போது இது ஒரு சாதாரணச் சம்பவம் போலத்தான் தெரிகிறது. எதிரே பஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

வண்டியை மெதுவாகக் கட்டி இழுத்து ஊருக்கே கொண்டு வந்தோம். எங்கள் மேஸ்திரி முப்பது வருஷமாக ஜீப்பும் லாரியும் பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். பிட்டில் (வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளத்தில்) இறங்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்களே இறங்கி வந்து பாருங்க, நான் சொன்னா நம்பமாட்டீங்க" என்றார். பின் சக்கரங்களுக்குப் போகிற பிரேக் பைப், சேசிஸின் மேல் விளிம்பில் ஒரு கிளாம்ப்பில் மாட்டியிருக்கும். அந்தக் கிளாம்ப்புக்கும் பைப்புக்கும் நடுவில் வருஷக்கணக்காகச் சேர்ந்த செம்மண் கல்லாக இறுகியிருந்தது. மண்ணைத் தட்டியதும் பைப்பும் கூடவே உதிர்ந்தது. ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லாத இரும்புக் குழாய் அது, பென்சிலைவிட மெல்லிசு, மிதிக்கிற மிதி முழுக்க அதற்குள்ளேதான் போகிறது.

அது முதல் விஷயம். பின் ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சேசிஸைச் சுத்தியலால் தட்டினார். முன்னால் தட்டியபோது டங் டங் என்றது, இங்கே தொப் என்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார், பாதி உள்ளே போய்விட்டது. இழுத்தபோது அப்பளம் நொறுங்குவதுபோல ஏடு ஏடாகத் துரு கொட்டியது. வெளியே பளபளவென்று கறுப்புக் கோட்டிங் இருந்தது, அதைத் தாண்டிப் பார்த்தால் உள்ளே இரும்பே இல்லை. இந்த மாதிரி வண்டிகளில் சேசிஸ் என்பது ஏணி மாதிரி, இரண்டு பக்கம் நீளச் சட்டம், நடுவில் குறுக்குச் சட்டங்கள். சட்டம் பெட்டிபோல உள்ளே கூடாக இருக்கும். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை வைத்திருப்பார்கள். அந்த ஓட்டையைச் சேறு அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். அப்புறம் துரு உள்ளே பிறந்து வெளியே வருகிறது. வெளியே தெரிகிற நாளில் கதை முடிந்திருக்கும்.

இந்த வண்டியின் பதிவை 2024இல் 15 வருஷம் முடிந்ததும் உங்கள் சோதனைக்குக் கொண்டு போய், பணம் கட்டி, 2029 வரை ஓட்டலாம் என்று முத்திரை வாங்கி வந்தேன். அன்றைக்கு என்ன பார்த்தார்கள் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஹாரன் அடிக்கச் சொன்னார்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், நம்பர் பிளேட், டயர் பட்டன். மைதானத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி பிரேக் அடிக்கச் சொன்னார்கள், சமதரையில் நன்றாகவே நின்றது. அப்புறம் சேசிஸ் எண் பொறித்த இடத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுத்தார்கள். அந்தப் பென்சில் பிரிண்ட் இல்லாமல் ஃபைல் நகராது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆக, என் வண்டியின் சேசிஸில் அரசாங்கம் தொட்டுப் பார்த்தது அந்த அரை அடி மட்டும்தான். அதே சட்டத்தில் கொஞ்சம் பின்னால் தள்ளி ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. ஓட்டை ஒரே வருஷத்தில் வந்ததில்லை என்று மேஸ்திரி சத்தியம் செய்கிறார். வண்டிக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே பிட்டும் இல்லை, ஏற்றி நிறுத்த மேடையும் இல்லை.

என் தப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்கு மரியாதை இருக்காது. வண்டியை ஆறு வருஷத்துக்கு முன்னால் கடலோர ஊர் ஒன்றிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பெயிண்ட் மின்னியது, சீட் கவர் புதுசு, அடியில் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தது, அதையே நல்ல பராமரிப்பு என்று நினைத்தேன். பிரேக் ஆயிலை நாலு வருஷமாக மாற்றவில்லை, குறைந்தால் ஊற்றுவதோடு சரி. சம்பவத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வளைவுகளில் திரும்பும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தது. ஹேண்ட் பிரேக் விளக்கு அது, பழைய வண்டி, ஒயரிங் ஏதோ லூஸ் என்று விட்டுவிட்டேன். நிறைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக்குக்கும் ஆயில் குறைந்ததற்கும் அதே ஒரு விளக்குதான் என்பது மேஸ்திரி திட்டியபோதுதான் மண்டையில் ஏறியது. டப்பாவில் ஆயில் குறைந்து, வளைவில் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் விளக்கு எரிந்திருக்கிறது. ஒரு வாரம் முழுக்க வண்டி என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்புறம் அந்த மூன்றாவது கியர். எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில் இறங்க வேண்டும் என்று மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தெரிந்தவனுக்குத்தான் அலட்சியமும் வரும்.

சரி, இது எல்லா ஊரிலும் நடக்கக்கூடியதுதானே, மலைக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கேட்பீர்கள். இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஒன்று உப்பு. மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள், கூழாக இருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரத்தில் பத்து வருஷம் ஓடிய வண்டியின் மூலை முடுக்கெல்லாம் உப்பு உட்கார்ந்திருக்கும். அதை வாங்கி வந்து மூடுபனியில் நிறுத்தினால் அந்த உப்பு ஒரு நாளும் காயாது, இரும்பு ஈரத்துணி போர்த்திக்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் ஓடும் பழைய வண்டிகளில் நிறைய கீழ்நாட்டில் விற்காமல் இங்கே மலிவாக வந்தவை. ஆக, கடலும் பனியும் சேர்ந்து அரிக்கிற வண்டிகள் இங்கே இருக்கின்றன, அந்த வண்டிகள்தான் இந்த ரோட்டில் இறங்குகின்றன.

இரண்டாவது, இறக்கம். கோத்தகிரி கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,800 மீட்டர், மேட்டுப்பாளையம் 300க்குக் கொஞ்சம் மேல். ஆட்களோடு இரண்டு டன் எடையுள்ள வண்டி இந்த உயரத்தை இறங்கி முடிக்கும்போது வெளிவருகிற சக்தி, கணக்குப் போட்டால், ஏறக்குறைய எட்டு யூனிட் மின்சாரம். 2,000 வாட் ஹீட்டரை நாலு மணி நேரம் ஓடவிட்டால் எவ்வளவு சூடோ அவ்வளவு. கீழ் கியரில் வந்தால் அதில் பெரும்பகுதியை என்ஜின் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் அத்தனையும் பேடிலும் டிரம்மிலும்தான் இறங்கும். பர்லியார் பக்கம் சீசன் நேரத்தில் நின்று பாருங்கள், கருகிய பிரேக் வாசனை வராத நாள் இல்லை. அந்தச் சூடு ஆயிலுக்குப் போகும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கிற சாமான், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று தரமே இறங்கிவிடுகிறது. கொதித்தால் பைப்புக்குள் ஆவி, ஆவியை மிதித்தால் பெடல் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. இதோடு இன்னொன்றும் இருக்கிறது. பெடலை லேசாக்குகிற பூஸ்டர், வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதே வண்டி, அதே கால், இங்கே உதவி குறைவு. சமதரையில் ஐம்பது அடி ஓட்டி பிரேக் அடித்துக் காட்டுகிற சோதனையில் இது எதுவும் தெரியப்போவதில்லை. என் வண்டி அன்றைக்கு பாஸானதே அதற்குச் சாட்சி.

இப்போது உங்கள் விதிக்கு வருகிறேன். மஞ்சள் போர்டு போட்ட டாக்சி, மேக்சி கேப் எல்லாம் எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டும், அதற்கப்புறம் வருஷா வருஷம். சொந்த வண்டிக்கு வெள்ளை போர்டு, முதல் பதிவு 15 வருஷம் செல்லும். நடுவில் ஒரு நாள்கூட யாரும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் என் மாதிரிப் பழைய டீசல் வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சான்றிதழ் வேண்டும். புகைக்கு ஆறு மாதம், பிரேக்குக்குப் பதினைந்து வருஷம். இரண்டும் ஒரே பைப்பாக இருந்தால் தேவலை என்று மேஸ்திரி சொல்லிச் சிரித்தார். புதுப்பிக்கிற கட்டணமோ 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆனது. கட்டணம் கூடியதைப் பற்றி நான் அழவில்லை. அந்த ஐயாயிரத்தில் ஒரு டார்ச், ஒரு சுத்தியல், குனிந்து பார்க்க ஒரு பத்து நிமிஷம், இவ்வளவாவது சேர்த்திருக்கலாம்.

வண்டி செய்த கம்பெனியைக் கேட்கலாமே என்றும் முயன்று பார்த்தேன். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கம்பெனிக்கு அரசு உத்தரவு போடலாம் என்று. நல்ல பிரிவு. ஆனால் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதியில் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டி மட்டும்தான் கணக்கு. துருவுக்கு ஏழு வயதில் என்ன தெரியும்? அது அப்போதுதான் தவழ ஆரம்பிக்கும். பதினைந்து வருஷம் ஓட்டலாம் என்று நீங்களே சொல்லி வரியும் வாங்கிய வண்டிக்கு, எட்டாவது வருஷத்திலிருந்து கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றால், மீதி எட்டு வருஷம் யார் பொறுப்பு?

மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2022 ஜூனில் மெர்சிடிஸ் பென்ஸ் உலகம் முழுக்கச் சுமார் 10 லட்சம் பழைய வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2004 முதல் 2015 வரை செய்த எம்எல், ஜிஎல், ஆர் வகை வண்டிகள். பிரேக் பூஸ்டரில் ஈரம் தங்கித் துருப்பிடித்து பிரேக் போய்விடலாம் என்பது காரணம், சரிபார்க்கும்வரை ஓட்டாதீர்கள் என்றே சொன்னார்கள். அதில் சில வண்டிகளுக்கு அப்போது பதினெட்டு வயது. அமெரிக்காவில் 2009இல் டொயோட்டா சுமார் 1,10,000 டுண்ட்ரா பிக்கப்புகளைத் திரும்ப அழைத்தது. பின் குறுக்குச் சட்டம் துருப்பிடித்து ஸ்டெப்னி ரோட்டில் விழலாம், பின் பிரேக் லைனும் பாதிக்கப்படலாம் என்று. சேசிஸ் துரு எப்படி பிரேக்கில் வந்து முடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்கு வேண்டாம். பிறகு 2016இல் அதே கம்பெனி டகோமா, டுண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேசிஸ் துரு வழக்கில் 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. அரித்த சேசிஸை மாற்றியே கொடுத்தார்கள்.

அங்கேயும் எல்லாம் நியாயமாக நடந்துவிடவில்லை. 1999 முதல் 2003 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப், எஸ்யூவிகளில் பிரேக் பைப் துருப்பிடித்து உடைகிறது என்ற புகாரை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வருஷக்கணக்காக விசாரித்து, 2015இல் திரும்ப அழைக்க உத்தரவிடாமலேயே மூடிவிட்டது. வயதாகித் தேய்ந்ததுதான், அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், பைப்பைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொந்தக்காரர்களுக்கு அறிவுரை சொன்னார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை, ஆனால் அந்த அறிவுரையையாவது சொன்னார்கள் பாருங்கள். எங்களுக்கு அதுகூட யாரும் சொல்லவில்லை. இன்னொரு விஷயம், பனியை உருக்க ரோட்டில் உப்பு கொட்டுகிற குளிர் மாநிலங்களில்தான் அங்கே இது பெரிய பிரச்சினை. உப்பு ரோட்டில் வந்தால் என்ன, கடல் காற்றில் வந்தால் என்ன, இரும்புக்கு இரண்டும் ஒன்றுதான். இங்கிலாந்தில் மூன்று வயது ஆன கார்கள் பெரும்பாலும் வருஷம் ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் பிடித்திருக்கும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் சேசிஸ் வலுவிழக்கும் அளவுக்குத் துரு இருந்தால் ஃபெயில். ஒரு அடி என்று அளவு வைத்துச் சொல்லிவிட்டார்கள் பாருங்கள், ஆய்வாளருக்கும் குழப்பமில்லை, சொந்தக்காரனுக்கும் வாதாட இடமில்லை.

நான் பழைய வண்டிகளை ஒழித்துக்கட்டச் சொல்கிறேன் என்று தயவுசெய்து புரிந்துகொள்ளாதீர்கள். டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வயது, பெட்ரோலுக்குப் பதினைந்து என்று வயதைப் பார்த்து விரட்டியது போல இங்கே செய்தால் எங்கள் ஊரே நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் என் வண்டியைவிட இரண்டு மடங்கு வயதான ஜீப் ஒன்று இருக்கிறது. ஆள் ஏற்றுகிறது, இலை ஏற்றுகிறது, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதன் சொந்தக்காரர் அடியில் படுத்துக் கம்பியால் சேற்றைச் சுரண்டிக் கழுவி எண்ணெய் அடிக்கிறார். அந்த ஜீப்பின் சேசிஸைத் தட்டினால் மணியடிக்கிறது. வயது பெயிலாகாது, துருதான் பெயிலாக வேண்டும்.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். மலைத் தாலுகாக்களில், நீலகிரியானாலும் கொடைக்கானலானாலும், பதிவைப் புதுப்பிக்க வருகிற வண்டியை மேடையில் ஏற்றி அடியில் பாருங்கள். மேடை கட்ட நிதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், வாட்டர் சர்வீஸ் கடைகளில் வண்டி ஏற்றுகிற மேடையோ லிப்டோ இருக்கத்தானே செய்கிறது. சோதனை நாளில் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். கழுவின வண்டியைத்தான் சோதனைக்கு ஏற்போம் என்று சொல்லுங்கள், பாதி உண்மை அங்கேயே தெரிந்துவிடும். சேசிஸை முன்னிருந்து பின்வரை சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். அடியில் புதுக் கறுப்பு அடித்துக்கொண்டு வந்த வண்டி என்றால் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டுங்கள், அது பெரும்பாலும் பொட்டு வைத்து மறைத்த காயம். பிரேக் பைப்பை முழு நீளத்துக்கும், கிளாம்ப்பைக் கழற்றி, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சில பட்டறைகளில் பின் பைப் ஓட்டையானால் அதை மடித்து அடித்து மூடிவிட்டு முன் பிரேக்கோடு மட்டும் அனுப்பிவிடுகிறார்கள், கையில் காசில்லாதவன் அதைக் கேட்டும் வாங்குகிறான். இது மேலே இருந்து பார்த்தால் ஜென்மத்துக்கும் தெரியாது. பிரேக் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று சொல்கிற பேனா மாதிரி ஒரு கருவி கடையில் கிடைக்கிறது, ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

பதினைந்து வருஷம் காத்திருப்பதும் மலைக்கு அதிகம். பத்தாவது வருஷத்தில் இடையில் ஒரு அடிப்பக்கச் சோதனை வைக்கலாம். சட்டம் மத்திய அரசுடையது, எங்கள் கையில் இல்லை என்று சொல்வீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஏழு வயது வரம்பை மாற்ற வேண்டும் என்று உங்கள் கையெழுத்தில் டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், என் கடிதத்தைவிட உங்கள் கடிதத்துக்குக் கனம் அதிகம். அதுவரை கட்டாயமாக்காமல் இலவச முகாமாகவாவது நடத்தலாமே. கண் சிகிச்சை முகாம் நடக்கிற ஊரில் பிரேக் முகாம் நடக்காதா என்ன. மழை முடிந்து தை மாதத்தில் வைத்தால் நான் என் தெருவிலிருந்து பத்து வண்டியைக் கூட்டி வருகிறேன்.

வெளியூர் வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிறவர்கள் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுக்கிறார்கள். எத்தனை பேர், என்ன வண்டி, எங்கே தங்கப்போகிறீர்கள் எல்லாம் கேட்கிறீர்கள். அந்தப் பக்கத்திலேயே, இறங்கும்போது இரண்டாவது கியர், சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்து, பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்று மூன்று வரி காட்டினால் செலவு ஒன்றுமில்லை. நீலகிரிப் பதிவு எண்ணான டிஎன் 43 போட்ட எங்கள் வண்டிகளுக்கு அந்த இ-பாஸும் தேவையில்லை, அதனால் எங்களை யாரும் எதுவும் கேட்பதே இல்லை.

இதை எழுதும்போது மலை ரயில் ஞாபகம் வருகிறது. 1899இல் குன்னூர் வரை வந்த ரயில், இன்றைக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி இறங்கும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்மேன் நிற்கிறார். நடுவில் பல் சக்கரம், அதற்குத் தனி பிரேக், இத்தனைக்கும் மேல் ஆள். அந்தக் காலத்து ஆட்களுக்கு இந்த மலையின்மேல் இருந்த பயத்தில் கால்வாசி நமக்கு இல்லை. பக்கத்து ரோட்டில் நாங்கள் ஒரு துருப்பிடித்த குழாயை நம்பி இறங்குகிறோம்.

கடைசியாக என் வண்டி. மேஸ்திரி சேசிஸில் தகடு வைத்து வெல்டிங் அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அரித்த இரும்பில் வெல்டிங் நிற்காது, நின்றாலும் அதன் பக்கத்தில் உடையும் என்கிறார். புது சேசிஸ் என்றால் வண்டி விலையைத் தாண்டுகிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு புரோக்கர் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "அடியில ஒரு கறுப்பு அடிச்சுட்டா போதுங்ணா, ஆர்.சி.தான் 2029 வரைக்கும் இருக்குதே, தூக்கிக் கொடுத்துடலாம்" என்றார். ஆர்.சி.யில் பொய் ஒன்றும் இல்லை, அது செல்லுபடியாகும் காகிதம்தான், உங்கள் முத்திரை அதில் இருக்கிறது. அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிவை ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். மேஸ்திரியிடம் சொல்லி சேசிஸில் அந்த ஓட்டை விழுந்த இடத்தை ஒரு அடி நீளத்துக்கு அறுத்து வாங்கி வைத்திருக்கிறேன், இப்போது திண்ணையில் சாக்கு மேல் கிடக்கிறது, அத்தை அதன்மேல் பூந்தொட்டி வைக்கப் பார்த்தார். விண்ணப்பத்தோடு அதையும் கொண்டு வருகிறேன். எந்தக் கிழமை வந்தால் நீங்கள் இருப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைக்காரன்